ஏழோடு நிறுத்தியவன்

விஜயராஜுக்குக் கிட்டார் வாசிக்க வராது. ஆனால் கிட்டாரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், மலைமேல் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூர் வரைக்கும் என்று அவன் பெண்டாட்டி ரேணுகாதேவி சொல்வாள். மலைப்பாதையின் வளைவுகளையும் சேர்த்துத்தான் சொல்வாள்.

அவன் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் ஆட்களையும் புளியையும் பலாப்பழத்தையும் மலையிலிருந்து இறக்குவான். சாயங்காலம் ஆட்களையும் அரிசி மூட்டையையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு வருவான். மலை ஜீப்புக்கு நேரம் காலம் கிடையாது, நிறைந்தால் கிளம்பும். நிறைவது என்றால் என்ன என்பதில் அரசாங்கத்துக்கும் விஜயராஜுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. உள்ளே உட்கார இடமில்லாமல் போனால் அது நிறைந்த ஜீப் இல்லை, பின்னால் தொங்கவும் இடமில்லாமல் போக வேண்டும். அதுவரைக்கும் திருப்பத்தூரில் மரத்தடியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் சீட்டாடினார்கள், தூங்கினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். விஜயராஜ் மட்டும் ஒரு நாள் பொழுது போகாமல் பழைய பேப்பர் கடைக்குள் நுழைந்தான். சனி அங்கேதான் பிடித்தது.

அவன் கையில் கிடைத்தது கிட்டார் கற்றுக்கொடுக்கும் இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் ஒரு தாடிக்காரன் கிட்டாரைக் கட்டிக்கொண்டு, உலகத்தில் கடனே இல்லாதவன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டான் நம்ம ஆள். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவன், அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். புத்தகம் பாதி முடிந்த பிறகுதான் கிட்டார் என்று ஒன்று வேண்டும் என்ற ஞானம் வந்தது. ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்த காலேஜ் பையன் ஒருவனிடம் வாங்கினான்.

அந்தக் கிட்டார் மலையேறிய நாளை ஊர் மறக்கவில்லை. மேலே சிலிண்டரோடு சேர்த்துக் கட்ட அவனுக்கு மனசு வரவில்லை. முன் சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, தன்னுடைய துண்டைப் போர்த்தினான். அந்த முன் சீட்டு ஊர்க்கவுண்டர் தாண்டவராயனுடையது. பஞ்சாயத்து சொல்கிற மனுசன், அன்றைக்குப் பின்னால் வெங்காய மூட்டைக்கும் வேறு ஒருவருடைய முழங்காலுக்கும் நடுவில் குந்திக்கொண்டு வந்தார்.  இறங்கும்போது மனசில் குறித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு புத்தகம் சேர்ந்தது. ஒன்று தமிழில் இருந்தது. அதை எழுதினவர் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் கலக்கக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார் போல. பக்கத்தில் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டால்தான் அந்தத் தமிழ் புரிந்தது. மூன்றாவது தலையணை கனத்துக்கு ஒரு தியரிப் புத்தகம். அதில் ஒரு வட்டம் இருந்தது. ஓரத்தில் பன்னிரண்டு எழுத்துகள், எந்த ஸ்கேலுக்கு, அதாவது சுர வரிசைக்கு, எந்த ஸ்கேல் சொந்தக்காரன் என்று காட்டும் படம். விஜயராஜ் அதை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டினான். வளைவுகளில் ஒரு கண் பாதையிலும் ஒரு கண் வட்டத்திலுமாக மனப்பாடம் செய்தான். பின்னால் இருந்த ஜனம் பாதையை மட்டும் பார்த்திருந்ததால் கவலைப்படவில்லை.

ஏறுகிற பொம்பளைகள் அதை ஏதோ சாமி சக்கரம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். எந்தக் கோயிலில் எழுதி வாங்கியது என்று விசாரித்தார்கள். அவனுடைய மாமியார் மங்கம்மாள் ஒரு படி மேலே போய், ஏறும்போதெல்லாம் மடியிலிருந்து மஞ்சள் எடுத்து அதன் வலது மேல் மூலையில் அப்பினாள். அங்கேதான் ஜி மேஜர் இருந்தது. அவனுக்கு இன்றைக்கும் ஜி மேஜர் கொஞ்சம் தகராறுதான்.

இப்படிப் பகல் முழுக்கப் புத்தகம், கிட்டாரோ வீட்டில். அதனால் தியரி வளர்ந்த வேகத்துக்கு விரல் வளரவில்லை. ஊரில் யாராவது ஒரு பாட்டு வாசி என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். அஸ்திவாரம் போடாமல் சுவர் எழுப்புவார்களா என்று கேட்பான். அடுத்த வீட்டு ராஜாக்கண்ணு, அஸ்திவாரம் தோண்டி ரெண்டு வருசமாச்சே, உள்ளே செடி முளைச்சிருக்கும் பாரு என்று சொல்லிவிட்டுப் போவான். விஜயராஜ் அதையெல்லாம் காதில் வாங்கமாட்டான். தெரியாதவர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அட்டைப்பட தாடிக்காரன் மாதிரி சிரிக்கப் பார்ப்பான். தாடி இல்லாததால் அது எடுபடவில்லை.

அவன் வாசித்தது ஒன்றே ஒன்றுதான், சி மேஜர் ஸ்கேல். சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு, கைகால் கழுவி, வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவான். கீழிருந்து ஒவ்வொரு சுரமாக ஏறுவான். ஏழாவது வந்ததும் நிறுத்திவிடுவான். மறுபடி முதலிலிருந்து ஏழு. மறுபடி ஏழு.

ஏன் ஏழு? மேஜர் ஸ்கேலில் ஏழு சுரங்கள் என்று முதல் புத்தகத்தில் போட்டிருந்தது. அவ்வளவுதான் காரணம். எட்டாவது என்பது முதல் சுரமேதான், என்ன, கொஞ்சம் உயரத்தில் நிற்கிறது. ஒரே ஆளை எதற்கு ரெண்டு தரம் ஏற்ற வேண்டும் என்பது அவன் வாதம். இதில் ஒரு இடறல் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏறும் படிக்கணக்கைப் புத்தகம் இப்படிக் கொடுத்திருந்தது: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. ஏழு சுரத்துக்கு நடுவே ஆறு படிதானே இருக்க முடியும்? அந்தக் கடைசி அரை எங்கே ஏறுகிறது? விஜயராஜ் நிறைய யோசித்து, அது அச்சுப்பிழை என்று முடிவு கட்டினான். மற்ற இரண்டு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தான். அவற்றிலும் அப்படியே இருந்தது. அவர்கள் இதைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு முடிவு கட்டினான்.

அவன் வாசலில் ஏழைத் தொட்டு நிறுத்தும்போது, உள்ளே அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருக்கும் ரேணுகாதேவியிடமிருந்து ஒரு சத்தம் வரும். ம்ம் என்று மெல்லிசாக ஒரு முனகல். அதுதான் எட்டாவது சுரம். அவள் பாடவேண்டும் என்று பாடியதில்லை. திறந்து கிடக்கிற கதவைப் போகிற போக்கில் சாத்திவிட்டுப் போகிற மாதிரி, கை களியைக் கிண்ட, வாய் அதை முடித்து வைக்கும். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் அது பாத்திரம் உருட்டுகிற சத்தத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருசம் இப்படியே நல்லபடியாக ஓடிற்று.

கெடுத்தது போன். சுதி பார்க்கிற ஆப் ஒன்று திருப்பத்தூரில் சிக்னல் கிடைத்தபோது இறக்கிக்கொண்டு வந்திருந்தான். சத்தம் சரியாக இருந்தால் முள் நடுவில் நின்று பச்சை காட்டும். அன்றைக்கு ஒவ்வொரு சுரத்துக்கும் பச்சை விழுந்தது, அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழாவதிலும் பச்சை. அப்போது உள்ளேயிருந்து ம்ம் வந்தது. முள் அசைந்து, இடது பக்கம் சாய்ந்து, சிவப்பில் நின்றது.

புத்தி உள்ளவன் போனை அணைத்துப் பையில் போட்டிருப்பான். விஜயராஜ் எழுந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"நீ பாட்ற எட்டாவது புக்குலயே கெடையாது. அதுவும் சுதி கம்மியா கீது, பாரு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் எங்கே பாடினேன் என்று கேட்டாள். அவன் விளக்கினான். தினமும் பாடுகிறாய், தினமும் தப்பாகப் பாடுகிறாய், இன்னொரு தரம் பாடு, எவ்வளவு கம்மி என்று அளந்து சொல்கிறேன் என்று போனை அவள் வாய்க்கு நேராக நீட்டினான். ரேணுகாதேவி களிக்குச்சியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு களியை உருட்டி, கீரைக் குழம்பு ஊற்றி அவனுக்கு வைத்தாள். சோறு போட்டுவிட்டாள், ஆகவே சண்டை இல்லை என்று அவன் நினைத்தான். இந்த மலையில் பாதிப் புருசன்மார்கள் கவிழ்கிற இடம் அதுதான்.

மறுநாள் காலையில் அவளும் ஒரு பையோடு ஜீப்பில் ஏறினாள். பலாப்பழ சீசன். பின்னால் பழங்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மலையிறங்குகிற பாதையில் பாதி வழியில் அவளுடைய அம்மா ஊர். அங்கே வந்ததும் ஜீப்பின் பக்கத்தில் ரெண்டு தட்டுத் தட்டினாள். இறங்கினாள். முன்னால் வந்து, மற்றவர்கள் கொடுக்கிற மாதிரியே ஜீப் சார்ஜை அவன் கையில் வைத்தாள்.

"நீ ஏழோட நிறுத்திக்க. இனிமே யாரும் குறுக்க வரமாட்டாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஜீப் முழுக்க ஆள், எல்லோருடைய கண்ணும் அவன் முதுகில். வெயில் ஏறினால் பழம் பிளந்துவிடும், எடுப்பா வண்டியை என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவன் எடுத்தான். தன் பெண்டாட்டியைத் தானே கொண்டுபோய் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறோம் என்பது ரெண்டாவது கியரில் போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலமும் ஸ்டூலைப் போட்டான். வீம்பு. ஏழு சுரம் ஏறினான், நிறுத்தினான். அடுப்படியில் சத்தமில்லை.

அடுத்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவின் கை வாய்க்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டி, முடிச்சிடுப்பா என்றான். முடிந்துவிட்டது என்றான் விஜயராஜ். முடியலையே என்றான் ராஜாக்கண்ணு. இரண்டு வருசமாகத் தாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது எட்டு சுரம் என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. விறகு கொண்டு வந்தவர்கள் சுமையை இறக்காமல் நின்று கேட்டார்கள், தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். நாய்கள்கூட ஏழாவது வந்ததும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தன. ராஜாக்கண்ணு பெண்டாட்டி சகுந்தலா, பாதியில் நிற்கிற சத்தம் கேட்டு எங்கள் மாடு பாலை அடக்கிக்கொள்கிறது என்று ஊரெல்லாம் சொன்னாள். அந்த மாடு அதற்கு முன்னாலும் பெரிதாக ஒன்றும் கறந்ததில்லை.

ராஜாக்கண்ணுதான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டான்.

"ஏழு பேர் குந்துற ஜீப்புல பதினெட்டு பேர ஏத்துறவன், ஏழு சுரத்துக்கு மேல ஒண்ணே ஒண்ண ஏத்த மாட்டேன்றானே, இது இன்னா நாயம்?"

ஊர் சிரித்தது. விஜயராஜ் கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே உட்கார்ந்து வாசித்தான். ஏழு. அவனுக்கும் இப்போது அது கேட்டது. ஏழாவது போய் விளிம்பில் நின்றுகொண்டு, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் தவித்தது. அந்தக் கடைசி அரை அச்சுப்பிழை இல்லை. யாரிடமும் சொல்லாமல், ரெண்டாவது கம்பியில், கிட்டார் கழுத்திலுள்ள முதல் கட்டையில் விரலை வைத்து எட்டாவதைத் தானே தட்டினான். போனில் முள் நடுவில் நின்று பச்சை காட்டியது. மயிரிழைகூடப் பிசகு இல்லை. மறுபடி தட்டிப் பார்த்தான், மறுபடியும் பச்சை. அடுப்படிப் பக்கம் பார்த்தான். அடுப்பில் சாம்பல், குச்சி சுவரில் சாய்ந்திருந்தது. அவனுக்கு அவள் வேண்டும் போல இருந்தது. அழுகை வந்தது, அழுதான். சோகத்துக்கு மைனர், சந்தோசத்துக்கு மேஜர் என்று மூன்று புத்தகமும் சொல்லியிருந்தன. அவன் வாசித்தது சுத்தமான மேஜர்.

போய்க் கூப்பிட்டால் வேலை முடிந்தது. ஆனால் என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? தினமும் காலையும் மாலையும் ஜீப் அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிற்று. அங்கே வந்ததும் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான். வாசலில் பழம் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். மங்கம்மாள் மட்டும் எப்போதும் போல ஏறினாள். மருமகனிடம் பேசவில்லை, வட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மஞ்சள் அப்பினாள். டி மேஜரும் போயிற்று.

கடைசியில் விஷயம் தாண்டவராயனிடம் போயிற்று. சத்தம் தாங்கவில்லை என்று ராஜாக்கண்ணு பிராது கொடுத்தான். என் பொண்ணுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று மங்கம்மாள் ஆள் அனுப்பினாள். ரெண்டையும் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், அதுவும் பெண் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கவுண்டர் சொன்னார். பெண் வீட்டில் வைத்தால் சாப்பாடு உண்டு. போக வர வண்டி? விஜயராஜின் ஜீப்தான். தன்னை விசாரிக்கப் போகிற சபை முழுவதையும் அவனே ஏற்றிக்கொண்டு போனான். தாண்டவராயன் முன் சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கிட்டார் பின்னால், யார் யாருடைய மடியிலோ வந்தது.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம். எதன் மேல் குத்தம் சொல்கிறார்களோ அதைச் சபை நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆடு சாமையை மேய்ந்துவிட்டால் ஆட்டைக் கட்டுவார்கள். ஒரு தரம் டிவி ரிமோட்டைக்கூட வைத்து நியாயம் பேசியிருக்கிறார்கள். மங்கம்மாள் வீட்டு வாசலில் ஒரு கோணியை விரித்து அதன்மேல் கிட்டாரைப் படுக்கவைத்தார்கள். வந்தவர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். இத்துனூண்டு பொட்டிதானா ஒரு குடும்பத்தைப் பிரித்தது என்று ஒரு கிழவர் ஆச்சரியப்பட்டார். ரேணுகாதேவி கதவோரம் நின்றாள். பலாப்பால் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவியிருந்தாள். விஜயராஜ் பக்கம் பார்க்கவில்லை.

அவன் புத்தகத்தை விரித்துக் காட்டி ஏழு சுரத்தைப் பற்றி ஆரம்பித்தான். தாண்டவராயன் கையமர்த்தினார். புத்தகத்தின்மேல் யாரும் பிராது கொடுக்கவில்லை, பொட்டி பேசட்டும், நீ வாசி என்றார்.

அவன் கோணியில் உட்கார்ந்து வாசித்தான். ஒவ்வொன்றாக ஏறி, ஏழைத் தொட்டு நிறுத்தினான்.

 வெற்றிலையைத் துப்பத் திரும்பிய கிழவர் துப்பாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தாண்டவராயன் தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க."

"இன்னா அவ்ளோதான்?"

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தான். கவுண்டர் தொடையைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு இத்தனை நாள் உன் வீட்டில் இருந்ததே பெரிய விஷயம் என்றார். எட்டாவது என்று ஒன்று இந்தப் பொட்டியில் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்று கேட்டார். இருக்கிறது என்று விஜயராஜ் ஒத்துக்கொண்டான். புத்தகத்திலும் இருக்கிறது, நான்தான் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்து ஒத்துக்கொண்டான். ராஜாக்கண்ணு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

உள்ளே குழம்பு தாளிக்கிற வாசனை வந்தது. தாண்டவராயன் அவசரமாகத் தீர்ப்பைச் சொன்னார். எட்டாவதை இந்தச் சபையில் வாசித்துவிடு. பொண்ணு பையை எடுத்துக்கொண்டு வரட்டும். ராஜாக்கண்ணு மாடு கறக்கட்டும். எல்லோரும் கைகழுவலாம். ஒரு மரியாதைக்குத்தான் ரேணுகாதேவியைப் பார்த்து, உனக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

அவள் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"எட்டாவது வேணும்னு நான் கேக்கலீங்க. நான் பாடறேன்னே எனக்குத் தெரியாது. தெரியாம நான் பாட்டுக்கும் பாடினதுல தப்பு கண்டுபுடிச்சு, போனை மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. சரியான எட்டாவது அவரு கையில கீது. வாசிச்சிக்கட்டும். நான் எதுக்கு?"

 தாண்டவராயனுக்கு இப்படி ஒரு சிக்கலை எந்த ஆடும் கொடுத்ததில்லை. வாசிப்பா முதல்ல என்று விஜயராஜ் மேல் எரிந்து விழுந்தார்.

விஜயராஜ் ஏறினான். ஒன்று, இரண்டு என்று ஏழு வரை. எட்டாவதுக்கு ரெண்டாவது கம்பியில் முதல் கட்டையில் விரலை வைத்தான். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவன் விரலை எடுத்துவிட்டான்.

"இது என்னுது இல்லீங்க. அவளுது."

கவுண்டர் என்னப்பா விளையாடுகிறாயா என்று கேட்டார். அவன் அவரைப் பார்க்கவில்லை. கதவோரத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வூட்ல தனியா வாசிச்சுப் பாத்துட்டேன். கரெக்டாத்தான் வருது. நல்லா இல்ல."

 ஏழாவது சுரம் எல்லோர் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழவர் வாயில் வெற்றிலைச் சாறு நிரம்பி, கையால் பொத்திக்கொண்டார். ரேணுகாதேவி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு கதவைப் பிடித்தாள். விடு, தொண்டைக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பாய், எனக்கே தலை வெடிக்கிறது என்று மங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அடக்க அடக்க வந்துவிடுகிற தும்மல் மாதிரி அது ரேணுகாதேவியிடமிருந்து வந்துவிட்டது.

ம்ம்.

சபை மொத்தமும் மூச்சு விட்டது. கிழவர் எழுந்து ஓடிப்போய்த் துப்பினார். ராஜாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா, இதுதான், இதேதான் என்றான். அவனுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

ஆனால் தாண்டவராயன் விடவில்லை. வெங்காய மூட்டைக்கும் முழங்காலுக்கும் நடுவில் வந்த மனுசன் இல்லையா. விஜயராஜைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"இன்னாப்பா, சுதி சரியா கீதா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு இப்போதுதான் அவனை நேராகப் பார்க்கிறாள். சுதி சரியாக இல்லை. கொஞ்சம் கம்மிதான், என்றைக்கும் எவ்வளவு கம்மியோ அவ்வளவு கம்மி. அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு முள்ளும் வேண்டாம், பச்சையும் வேண்டாம், இரண்டு வருசத்தில் காது அந்த அளவுக்குத் தேறியிருந்தது. சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கம்மி என்று நிஜத்தைச் சொன்னால் அவன் தனியாகத்தான் மலையேற வேண்டும். மூன்று புத்தகத்திலும் இதற்குப் பாடம் கிடையாது.

அவன் கிட்டாரை மடியில் திருப்பி வைத்தான்.

"கிட்டார்தாங்க ஏறிக் கீது," என்றான்.

முதல் முறுக்காணியைப் பிடித்துக் கொஞ்சம் தளர்த்தினான். தட்டிப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அடுத்த கம்பியைத் தளர்த்தினான். சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. கடைசியில் ரெண்டாவது கம்பியில் முதல் கட்டையை அழுத்தித் தட்டினான். அவள் சற்று முன் பாடிய இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. பையிலிருந்த போன் என்ன சொல்லியிருக்குமோ, அவன் அதை வெளியே எடுக்கவில்லை. ரேணுகாதேவி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் உக்காருங்க, இலை போடறேன் என்று உள்ளே போனாள். வெளியே வரும்போது இலைக்கட்டோடு அவளுடைய பையும் கையில் இருந்தது.

சாப்பிட்டு முடித்து ஜீப் கிளம்பியபோது முன் சீட்டில் ரேணுகாதேவி ஏறி உட்கார்ந்தாள். கிட்டாரை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா கொடுத்தனுப்பிய பலாப்பழம் ஒன்று மிச்சமிருந்தது. தாண்டவராயன் அதை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் பின்னால்தான் வந்தார்.